மூலையிலிருந்த திகதி

இணைய வயரைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் வைத்துக்கொண்டு மாலை வகுப்புக்குப் புறப்பட்டேன். வயர் இல்லாமல் எந்த ஹேக்கரும் உள்ளே வர முடியாது.

சந்திக்குப் போனதும் சந்தேகம் வந்தது. கழற்றியது சரியான வயர்தானா?

எனக்கு எதிலும் இப்படித்தான். திரும்பி நடந்தேன்.

ஒரு கிழமையாக யாரோ எங்கள் கணினிக்குள் புகுந்து திகதியை மாற்றுகிறார்கள். வகுப்பு விட்டு வந்து பார்த்தால் மூலையில் வருடம் 2004 என்றிருக்கும். மின்னஞ்சல் திறக்காது. வைரஸ் காவலன் சிவப்பாக எச்சரிக்கும்.

கம்ப்யூட்டர் வகுப்பெடுக்கும் குணம் சேர் சொன்னதையெல்லாம் ஒழுங்காகச் செய்தேன். உள்ளே மணிக்கூட்டை ஓட்டும் சின்னப் பற்றரியை மாற்றினேன். முழுவதும் ஸ்கேன் பண்ணினேன். கடவுச்சொல்லை மாற்றினேன்.

மறுநாளும் 2004.

சேர் காரைதீவிலிருந்து வருகிறவர். சண்டை முடிந்து, சோதனைச்சாவடிகளை எடுத்த பிறகுதான் மாலை வகுப்பே தொடங்கினார். "உங்கட வீட்டுக் கம்ப்யூட்டருக்குள்ள பூந்து களவெடுக்க என்ன புள்ள இருக்கு, நோன்புக் கஞ்சியா?" என்று சிரித்தார்.

தம்பி இருந்தான். ஒரேயொரு படத்தில்.

வீட்டிலிருந்த படங்களையெல்லாம் கடல் கொண்டுபோய்விட்டது. கட்டாரில் வாப்பாவிடம் இருந்த ஒன்றை அவர் மின்னஞ்சலில் அனுப்பியிருந்தார். ஹேக்கர் அதை அழித்துவிட்டால்?

சேரிடம் இதைச் சொல்லவில்லை.

வீட்டுக்குள் சத்தமில்லாமல் வந்தேன். கதவுச் சீலை பாதி விலகியிருந்தது.

கணினியின் முன்னால் உம்மா.

நோன்பு எந்தக் கிழமையில் தொடங்குகிறது என்று பார்க்க நான்தான் பழக்கிக் கொடுத்தேன். மூலையிலுள்ள மணிக்கூட்டில் இரண்டு தட்டுத் தட்டினால் கலண்டர் வரும். வருடங்களைப் பின்னால் கொண்டுபோகலாம், ஓகேயை அழுத்தினால் கணினியின் திகதியே அங்கே போய்விடும் என்பதை உம்மா தானாகவே கண்டுபிடித்திருக்கிறார்.

திரையில் 2004 டிசம்பர். உம்மாவின் விரல் இருபத்தைந்தைத் தொட்டுக்கொண்டிருந்தது. சனிக்கிழமை.

அன்று, கடலுக்கு எட்டத்திலுள்ள மாவடிப்பள்ளியிலிருந்து மாமா வந்திருந்தார். மோட்டார் சைக்கிளில் சாமான் மூட்டை போக ஒருவருக்குத்தான் இடம். தம்பியும் நானும் போகவேண்டுமென்று அழுதோம்.

உம்மா என்னை ஏற்றிவிட்டார்.

மறுநாள் காலை கடல் ஊருக்குள் வந்து, உம்மாவின் கையிலிருந்து தம்பியைப் பிடுங்கிக்கொண்டு போனது.

உம்மா திரையோடு கதைத்தார். சின்னப் பிள்ளையிடம் கெஞ்சுவதுபோல.

"இந்தமுறை தம்பி போகட்டும் மகள். நீ உம்மாவோட இரி. என்ன?"

சீலையைப் பிடித்தபடி நின்றேன்.

"ஓம் உம்மா" என்றேன்.

உம்மா திரும்பிப் பார்க்கவில்லை. ஓகேயை அழுத்தினார்.