கழிக்க வேண்டிய நட்டம்

ஏப்ரல் பிறக்க இன்னும் பத்து நாட்கள் இருந்தன. வசுமதியின் தையலகம் இந்த ஆண்டுதான் முதன்முறையாக லாபம் பார்த்திருக்கிறது. ஆடிட்டர் சபேசன் போன ஆண்டு வருமான வரிப் படிவத்தில் ஒரு கட்டத்தைப் பென்சிலால் தொட்டுக் காட்டினார். ஏழு ஆண்டுகளாக அடுத்த ஆண்டுக்கு, அடுத்த ஆண்டுக்கு என்று நகர்ந்து வந்த நட்டம் அது. மகள் நிலானியோடு ஆஸ்பத்திரியில் இருந்த ஐந்து மாதங்கள் கடை பூட்டிக் கிடந்ததால் வந்தது. நிலானி வீடு திரும்பவில்லை. வீட்டில் இப்போது யாரும் அந்த மாதங்களைப் பற்றிப் பேசுவதில்லை. ஆண்டுக்கொருமுறை இந்தக் கட்டத்தில்தான் அவை வந்துபோகும்.

“இந்த லாபத்துல மொத்தமும் கழிஞ்சிடும் மேடம். வரியே வராது.”

“கழிக்காம வச்சுக்கிட்டா?”

“நஷ்டத்த வச்சு என்ன பண்ண, ஃபிரேம் போட்டு மாட்டவா?” என்று சிரித்தார். “லாபம் வந்தா கழிச்சே ஆகணும். வரலேன்னா இன்னும் ஒரு வருஷம் இதே கட்டத்துல எழுதலாம். எட்டு வருஷத்தோட அதுவும் போயிடும்.”

வசுமதி பென்சில் தொட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தைக்கிறவங்க நாலு பேருக்கும் இந்த மாசமே போனஸ் குடுத்துடறேன். எவ்வளவு குடுத்தா லாபமே இல்லாம போகும்?”

“வரிதான் இல்லையே மேடம், அப்புறம் எதுக்கு?”

அவள் கால்குலேட்டரை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.