பத்தாம் நாள் வந்த நாய்

கெண்டைக்காலைக் கடித்த நாயைச் சுப்பண்ணன் தன் பனியன் கம்பெனி வாசலிலேயே இரும்புக் குழாயால் மண்டை பிளக்க அடித்துப் புதைத்தார்.

“அவசரப்பட்டுட்டீங்களே! பத்து நாள் உசுரோட இருந்திருந்தா அதுக்கு வெறி இல்லீன்னு உட்டிருக்கலாம். இனித் தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசிங்க” என்றார் டாக்டர்.

ஒன்பது ஊசியில் வயிறு கல்லாக வீங்கியது. பத்தாம் நாள் காலை, பிளந்த மண்டையோடு அதே நாய் வாசலில் நின்று வாலாட்டியது. புதைத்த குழியின் மண் கலையாமல் கிடந்தது.

“நாய் நல்லாத்தானுங்க இருக்குது. மிச்ச ஊசி எதுக்குங்க?” என்றாள் மனைவி ரங்காத்தாள். அவருக்கும் அதுதான் வேண்டியிருந்தது.

மறுமாதம் ஒரு மதியம் ரங்காத்தாள் இரண்டு பேருக்கும் தண்ணீர் வைத்தாள். நாய் சட்டியை நக்கித் துடைத்தது. சொம்பைக் கண்டதும் சுப்பண்ணனுக்குத் தொண்டை இறுகியது. அலறிக்கொண்டே அதை எட்டி உதைத்தார்.

சிந்திய தண்ணீரையும் நாயே குடித்தது.