மேலக்கரை வாத்தின் தேயிலைக் கடை

அந்தத் துறைமுக ஊரில் தேயிலை மொத்த வியாபாரம் முழுக்கப் பூனையார் கைக்குள்தான். புதிதாகக் கடை போட்ட வாத்து கடனுக்குச் சரக்குக் கேட்டுப் போனபோது அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

"உனக்கு ஜாமீன் நிற்க இங்க யார் இருக்கா?"

"யாருமில்லைங்க."

"அப்ப நடையைக் கட்டு."

வாத்துக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. காலிக் கடையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? தெருக்கோடியில், வாத்தின் சொந்த ஊரான நாணல் ஏரியிலிருந்து வந்தவர்களின் ஊர்ச் சங்கம் இருந்தது. தயங்கித் தயங்கி உள்ளே நுழைந்தது.

அங்கே தேயிலைப் படகு ஓட்டும் ஆமை ஒரே ஒரு கேள்விதான் கேட்டது. "நீ யார் வீட்டுப் பிள்ளைம்மா?"

"மேலக்கரை வெள்ளைச்சி மகள், அண்ணே."

"அடடே, வெள்ளைச்சி மகளா!"

அவ்வளவுதான். மறுநாளே ஆமையின் படகிலிருந்து மூட்டை மூட்டையாகத் தேயிலை வந்து இறங்கியது. சங்கத்துக் கொக்கு தன் தராசைக் கொடுத்தது. பூனையாரின் வாடிக்கைக்காரர்கள்கூட வாத்துக் கடை வாசலில் வரிசை கட்டினார்கள்.

பூனையாருக்குப் பொறுக்கவில்லை. எல்லாரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தார். "ஜாமீன் இல்லாம எவன் சரக்குக் கொடுத்தான்? நாளைக்கே நீ சுருட்டிக்கிட்டு ஓடிட்டா?"

வாத்து தேயிலையை நிறுத்தபடியே சிரித்தது. "ஓடலாம், ஐயா. ஆனா ஆமையண்ணன் படகு மாசாமாசம் எங்கம்மா குளிக்கிற படித்துறையிலதான் போய் நிக்குது. நான் ஓடின கதை எனக்கு முன்னாடி வீட்டுக்குப் போயிடுமே!"

பூனையார் தனக்குப் பின்னால் நீண்டிருந்த வரிசையைத் திரும்பிப் பார்த்தார்.

"தேயிலை வேணும்னா வரிசையில வாங்க, ஐயா," என்றது வாத்து.