ஓக்போனோக் குழம்பும் ஊமை மருமகளும்

கெனே மணக்க விரும்பிய சொமடினா, எனுகு நகரில் உள்ள அவன் வீட்டுக்கு வந்து, மருமகளாக வரப்போகிறவள் சமைத்துக் காட்டும் வழக்கப்படி குழம்பு வைத்துக்கொண்டிருந்தாள். பிறந்தது முதல் அடுக்களைக்குள் கால் வைத்திராத அவன் தந்தை ஒபிடிகே, கதவுக்கு வெளியே அமர்ந்து, குழம்புக்கு வைத்திருந்த சுட்ட மீனைக் கொறித்தபடி அவளைச் சோதித்தார். வாயாடி மனைவி ஒருத்தியே போதும். வாயாடி மருமகளும் வந்தால் தம் காது மிஞ்சாது என்பது அவர் கவலை.

“உங்க ஊர்ப் பொண்ணுங்க பாதி மீனைத் தின்னுட்டு மீதியைத்தான் சட்டில போடுவாங்களாமே?”

பதில் இல்லை.

“உங்கப்பாவுக்குக் குறட்டைதான் தொழிலாமே?”

அதற்கும் பதில் இல்லை. அதைவிட அதிசயம், உடன் நின்று ஓக்போனோ விதைப் பொடியைக் கரைத்த மனைவி உகோயேவும் வாய் திறக்கவில்லை. மருமகள் வந்த ராசி என்று பூரித்த ஒபிடிகே, மகனைக் கூப்பிட்டார்.

“இவதான்டா என் மருமக. சத்தியமா இதுல மாத்தமே இல்ல!”

சொமடினா சட்டியை இறக்கிக் கரண்டியைத் தூக்கினாள். குழம்பு நூல் நூலாக நீண்டது.

“அப்பா, மீன் முள்ளெல்லாம் உங்க தட்டுலதான் கிடக்கு. எங்கப்பா தூங்கும்போதுதான் குறட்டை விடுவார். நீங்க முழிச்சிட்டே விடுறீங்க.”

ஒபிடிகே திகைத்தார். “என்னடி உகோயே, இவ்வளவு நேரம் ஊமையாட்டம் இருந்தாளே!”

“ஓக்போனோ வைக்கிறவங்க இறக்குற வரைக்கும் பேசினா குழம்பு இப்படி நூலா இழுபடாதுங்க. ஒருநாளாவது அடுக்களைக்குள்ள வந்திருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள் உகோயே. “சரி, நல்லா உட்காருங்க. எனக்கும் அரை மணி நேரப் பேச்சு பாக்கி இருக்கு!”