பிடி

“இன்னைக்காவது விரலை விரிக்கலாமாண்ணே?” என்று கேட்டாள் டாக்டர் ஷர்மிளா.

ராமர் மேஜை நடுவே நிறுத்தியிருந்த கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணாடிக்கு முன்னால் அவருடைய வலது கை இறுக மூடியிருந்தது. உள்ளே அதுவே இடது கையாகத் தெரிந்தது. நிஜத்தில் இடது பக்கம் ஸ்வெட்டர் கை காலியாகத் தொங்கியது. போன மழையில் கவுஞ்சி மலைக்கிராமத்தில் மண் சரிந்து, பாறை விழுந்து நசுங்கிப்போன கை. அதற்கு மேல் அவளும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இல்லாத அந்தக் கைதான் வலித்தது. மூடிய விரல்கள் உள்ளங்கையைக் குத்துகின்றன என்பார். நல்ல தூக்கம் தூங்கிப் பல மாதம் ஆகியிருந்தது.

“கை போனது மூளைக்குத் தெரியாதுண்ணே. இன்னும் மூடு மூடுன்னு சிக்னல் அனுப்பிக்கிட்டே இருக்கு. விரல் விரியறதக் கண்ணாடியில பாத்தா அதுவும் விட்டுரும். இதுல மனசுக்கு ஒரு சோலியும் இல்ல.”

ஒவ்வொரு முறையும் இதைச் சொல்வாள். ஒவ்வொரு முறையும் அவர், “அன்னக்கொடிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடுறேங்க” என்று எழுந்து போய்விடுவார். பெண்டாட்டி கிழித்த கோட்டைத் தாண்டாத மனிதர் என்று ஷர்மிளாவுக்குச் சிரிப்பாக வரும்.

“வீட்டுல என்ன சொன்னாங்க?”

“சரின்னுட்டாளுங்க. இன்னைக்கு வெள்ளனே பக்கத்துல வந்து ஒக்காந்து, ‘எத்தனை நாளைக்குத்தான் இப்படி வலியோட கெடப்பீங்க’ன்னா.”

நாயுடுபுரத்து மூடுபனி ஜன்னல் வழியே அறைக்குள் வந்தது. சுவரும் காலண்டரும் மெல்லக் கரைந்தன. கண்ணாடிக்குள் அந்த ஒரு கை மட்டும் மிதந்தது. அது நிஜமான இடது கை என்றே ஷர்மிளாவுக்கும் ஒரு நிமிடம் தோன்றிவிட்டது.

சுண்டுவிரல் முதலில் விரிந்தது. பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் விரிந்தன.

“வலி இருக்காண்ணே?”

“இல்லீங்க. சுத்தமா இல்லீங்க.” அவர் கண்ணிலிருந்து நீர் வழிந்தது.

ஷர்மிளாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “வெரசா வீட்டுக்குப் போய் அன்னக்கொடியக்காகிட்ட சொல்லுங்கண்ணே.”

ராமர் விரிந்த கையைப் பார்த்தபடியே இருந்தார்.

“அவ கையத்தாங்க பிடிச்சிருந்தேன். மண்ணு அவளை இழுத்துச்சு. பாறை எங்கைமேல விழுந்துச்சு. அப்பக்கூட நான் விடலீங்க” என்றார். “இப்பத்தான் விட்டேன்.”