ஆரஞ்சு பேசிய பேரம்

காலைப் பலகாரத்துக்கு இனிப்பு பன் ஆக வேண்டிய மாவு, சட்டியில் பொம்மென்று உப்பியிருந்தது. மணம்தான் இல்லை.

"ஆரஞ்சண்ணே, கொஞ்சம் தோல் குடுங்கண்ணே!" என்று மாவு கெஞ்சியது.

"சும்மாவா?" ஆரஞ்சு சீறியது. "பன்னுக்கு என் பேரை வை. இல்லாட்டி ஒரு துணுக்குகூடக் கிடையாது!"

"வெச்சாச்சுண்ணே!"

பேரம் இவ்வளவு சீக்கிரம் படிந்ததும் ஆரஞ்சுக்குத் தலைகால் புரியவில்லை. துள்ளிக் குதித்துத் துருவிமேல் ஏறி, கூச்சம் தாங்காமல் சிரித்துச் சிரித்தே முழுத்தோலையும் கொடுத்துவிட்டது.

பன் வெந்தது. வீடே மணத்தது. "ஆகா, ஆரஞ்சு பன்!" என்று வீட்டார் ஓடிவந்தார்கள்.

தோல் போய் வெள்ளை வெளேரென்று குளிரில் நடுங்கிக்கொண்டே, பக்கத்துக் கூடையில் இருந்த எலுமிச்சையிடம் ஆரஞ்சு கத்தியது: "கேட்டியாடா, யார் பேரு?"

எலுமிச்சைக்கு வயிறெரிந்தது. மெல்ல உருண்டு வந்தது.

"துருவியக்கா, நாளைக்கு என்ன பன்?"