பச்சை வளையல் வளைவு

லாரி நிற்கவில்லை.

ஹாரனை அலறவிட்டு, ஜன்னல் வழியே ஒரு பச்சை வளையலை வீசிவிட்டு மூடுபனிக்குள் பாய்ந்தது. வளையல் தார் ரோட்டில் துள்ளி சுல்பாவின் காலடியில் வந்து விழுந்தது.

"வளையலை வாங்கிக்கோ தாயி, வழியை விடு!" டிரைவரின் குரல் மட்டும் பின்தங்கிக் கேட்டது.

கீழே பள்ளத்தில், கவிழ்ந்த டெம்போவுக்கு அடியில் அவள் கணவன் பிகாஜியின் கால் சிக்கியிருந்தது.

"சுல்பா... யாராச்சும் வந்தாங்களா?"

"இதோ வந்துட்டாங்க" என்று பொய் சொன்னாள்.

கொங்கணத்து மலைப்பாதையில் வண்டி ஓட்டுகிற எவனுக்கும் பச்சை மணப்பெண்ணைத் தெரியும். கல்யாண வண்டியோடு உருண்டு செத்தவள். மழைக்காலத்தில் இந்த வளைவில் நின்று கை காட்டுவாள். நிறுத்தினால் ஏறிக்கொள்வாள், அப்புறம் அந்த வண்டி ஊர் போய்ச் சேராது.

அதனால் அடிவாரத்து டீக்கடையில் வளையல் சரம் வாங்கிக் கண்ணாடியில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். வளைவில் ஒன்றை வீச வேண்டும். வேகத்தைக் குறைக்கக் கூடாது. அந்தப் பக்கம் பார்க்கவே கூடாது.

பிகாஜியும் குறைக்கவில்லை. பனியில் அவர் நம்பி ஓட்டியது ஓரத்தில் வெள்ளையடித்திருந்த தடுப்புச் சுவரை. வளைவில் அது பாதிதான் இருந்தது.

சுல்பா கட்டியிருந்தது பச்சைப் புடவை. அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிறாள். இரண்டு கைக்கும் வளையல்காரி பச்சை வளையல் அடுக்கிவிட்டிருந்தாள். மழையில் கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் ஒட்டியிருந்தது.

அடுத்து ஒரு ஜீப். நடுரோட்டுக்கே ஓடினாள்.

"அண்ணா, நான் பேய் இல்லண்ணா! எங்க வீட்டுக்காரரு கீழ கிடக்குறாரு!"

ஜீப் அவளை ஒதுக்கி வளைந்து, இன்னும் வேகமாகப் போனது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. கதையில் மணப்பெண் சொல்வதும் இதையேதான்.

வளையல் இல்லாத கையைக் காட்டினால் நிற்பார்கள்.

கழற்றிப் பார்த்தாள். இறுக்கிப் போட்ட வளையல்கள் மணிக்கட்டைத் தாண்டவில்லை. உடைக்கலாம். ஆனால் பச்சை வளையலை ஒரு பெண் எப்போது உடைப்பாள்? புருஷன் கீழே மூச்சோடு கிடக்கும்போதா?

"சுல்பா..."

இந்த முறை குரல் பாதியில் நின்றது.

கண்ணை மூடிக்கொண்டு இரண்டு கைகளையும் சுவரின் மிச்சத்தில் மோதினாள். மறுபடியும் மோதினாள். கடைசி வளையல் தெறிக்கும் வரை மோதினாள்.

மலையேறி வந்த சிவப்பு பஸ் தயங்கியது. உயர்த்திய வெறுங்கைகளில் ரத்தம் வழிவதைப் பார்த்து நின்றது.

பஸ்ஸில் இருந்தவர்கள் கயிறோடு இறங்கி ஓடினார்கள். பிகாஜியின் முனகல் மேலே கேட்டது. உயிர் இருக்கிறது. சுல்பா அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டாள்.

விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்த கண்டக்டர் திரும்பினான்.

"என்ன தாயி, கீழ ரெண்டு வண்டி கிடக்குது? அந்த ஆட்டோ யாரோடது? அதுல சத்தமே இல்லையே!"

சுல்பாவின் கண் சுவரின் உடைந்த பாதிக்குப் போனது.

காலையில் மலையேறும்போது இதே இடத்தில் ஒரு பெண் இரண்டு கைகளையும் ஆட்டினாள். பிகாஜியின் கால் பிரேக்குக்குப் போனது. "நிறுத்தாதீங்க, அவதான்!" என்று கத்தி, சரத்திலிருந்து ஒரு வளையலை உருவி வீசியவள் சுல்பா. பார்க்கக் கூடாது என்று தெரிந்தும் ஒருமுறை பார்த்துவிட்டாள்.

அந்தப் பெண் பச்சை கட்டியிருக்கவில்லை.